பேர் மறந்த ஈயும் முருங்கை ஏறிய வேதாளமும்

போன மாதம் ஒரு ராத்திரி, தாம்பரத்தை ஒட்டிய எங்கள் சேலையூரில் கரண்ட் போயிருந்தது. செல்போனில் சார்ஜ் இல்லை, வேறு வழியில்லாமல் பேத்தி என்னிடம் கதை கேட்டாள். பேரை மறந்த ஈயின் கதையை ஆரம்பித்தேன். வீடு மெழுகிக்கொண்டிருந்த ஈக்குத் திடீரென்று தன் பேர் மறந்துபோகிறது. கன்றுக்குட்டியிடம் போய்க் கேட்கிறது. எனக்கென்ன தெரியும், அம்மாவைக் கேள் என்கிறது கன்று. பசு தன்னை மேய்ப்பவனைக் காட்டுகிறது. அவன் கையிலுள்ள கோலைக் காட்டுகிறான். கோல் மரத்தை, மரம் கொக்கை, கொக்கு குளத்தை, குளம் மீனை, மீன் வலைக்காரனை, வலைக்காரன் தன் சட்டியை, சட்டி குயவனை, குயவன் மண்ணை.

மண் வரைக்கும் வந்து நின்றுவிட்டேன். கடைசியில் குதிரை ஒன்று சிரிக்கும், அந்தக் கனைப்பிலேயே ஈக்குத் தன் பேர் கிடைத்துவிடும். அது நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் மண்ணுக்கும் குதிரைக்கும் நடுவே யாரோ ஒருவரைக் காணோம்.

"அப்புறம் பாட்டி?"

"அப்புறம் கரண்ட் வந்துடும், தூங்கு."

மறுநாளிலிருந்து நானே அந்த ஈ ஆனேன். மாடி வீட்டு டீச்சரைக் கேட்டேன். மண்ணில் புழு இருக்கும், புழுவிடம்தான் அனுப்பும் என்றார் அவர். எதிர்வீட்டில் குயவனே கிடையாதாம், சட்டி நேராகக் குதிரைக்குத் தாவிவிடுமாம். மூலைவீட்டு ரிட்டையர்டு ரயில்வேக்காரருக்குக் கதை பாதி மறந்துவிட்டது. ஆனால் அதைச் சொன்ன அத்தையின் வெற்றிலை வாசனை மறக்கவில்லை. கேட்டுக்கொண்டே போனதில் விட்டுப்போன கண்ணியைவிடப் பெரிய கேள்வி ஒன்று பிடித்துக்கொண்டது. அல்ஜீப்ரா போய்விட்டது, கல்யாணப் புடவையின் நிறம் போய்விட்டது. ஒரு ஈயும், காக்கை திருடிய ஒரு வடையும் மட்டும் எப்படி அறுபது வருஷம் தங்குகின்றன?

இப்படிக் கேட்டுப் பார்க்கத் தாம்பரம் தோதான இடம். 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. 1937-இல் சென்னை கிறித்தவக் கல்லூரி பட்டணத்தை விட்டு இந்தக் காட்டுப்பக்கம் இடம்பெயர்ந்தது. விமானப்படை, ரயில்வே, குரோம்பேட்டைக்குப் பேரே வாங்கிக்கொடுத்த குரோம் தோல் கம்பெனி என்று ஒவ்வொன்றாக ஆட்களை இழுத்தன. தெற்கே இருந்து வருகிற ரயிலில் தாம்பரத்திலேயே இறங்கி, இங்கேயே ஒரு மனை வாங்கித் தங்கிவிட்டவர்கள் ஏராளம். அதனால் எங்கள் தெருவில் திருநெல்வேலிக்கு அடுத்த கதவு வேலூர், அதற்கடுத்தது நெல்லூர். நான் ஆச்சி வடை சுட்டதாகக் கேட்டு வளர்ந்தவள். பக்கத்து வீட்டில் சுட்டவர் ஆயா. இன்னொரு வீட்டில் அம்மம்மா. வடை ஒன்றுதான்.

அந்த வடையைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். ரோமானியக் கவிஞர் ஃபீட்ரஸ் லத்தீனில் இந்தக் கதையைச் சொன்னபோது காக்கை திருடியது பாலாடைக்கட்டியை, அதுவும் ஒரு ஜன்னலிலிருந்து. அங்கே பாட்டி இல்லை. பௌத்த ஜாதகக் கதைகளில் 294-ஆவதாக ஒன்று வருகிறது. நாவல் மரத்தில் காக்கை, கீழே நரி. நரி புகழ, காக்கை குளிர்ந்துபோய்க் கிளையை உலுக்கிப் பழம் உதிர்க்கிறது. இரண்டும் ஒன்றையொன்று மெச்சிக்கொள்வதைச் சகிக்காத மரத்துத் தெய்வம் இரண்டையும் துரத்திவிடுகிறது. அங்கேயும் பாட்டி இல்லை. கதை எந்த வழியாகத் தமிழுக்கு வந்திருந்தாலும் சரி, வந்த இடத்தில் ஜன்னல் போய் ஒரு கிழவி வந்து அடுப்பு மூட்டி உட்கார்ந்துவிட்டாள். என் ஊகம், கதை சொன்னவளே உள்ளே ஏறிக்கொண்டாள் என்பது. வேறு யார் உட்காருவார்கள் அங்கே?

இந்தக் கதைக்குப் பள்ளியில் எங்களுக்குச் சொன்ன நீதி, முகஸ்துதிக்கு மயங்காதே என்பது. எந்தக் குழந்தையும் அதற்காக இதைக் கேட்டதாக எனக்குத் தெரியவில்லை. என் பேத்தி கேட்டது ஒரே கேள்வி: "பாட்டிக்குக் காசு யார் குடுத்தா?" ஈசாப்பின் காக்கைக் கதையில் கேட்கவே முடியாத கேள்வி இது. பாட்டி வந்ததால் பிறந்த கேள்வி. காக்கைக்கு வடை போயிற்று, நரிக்குக் கிடைத்தது, உழைத்தவளுக்கு என்ன என்று கதை சொல்வதே இல்லை. நம் ஊர்ப் பிள்ளைகளே பிற்பாடு கதையைத் திருத்தி, வடையைக் காலுக்கடியில் வைத்துக்கொண்டு பாடுகிற கெட்டிக்காரக் காக்கையைக் கொண்டுவந்தார்கள். அந்தத் திருத்தத்திலும் பாட்டிக்குக் காசு வரவில்லை.

நீதிக்காகத்தான் கதை என்கிற எண்ணம் பாதி நம் பழைய சரக்கு, பாதி அச்சு யந்திரம் கொண்டுவந்தது. சென்னைக் கல்விச் சங்கத்தில் இருந்த தாண்டவராய முதலியார் 1826-இல் பஞ்சதந்திரத்தை மராத்தியிலிருந்து தமிழ் உரைநடையாக்கினார். படிப்பிப்பதற்கு அது வசதி, பாடப் புத்தகத்துக்கு ஏற்ற சரக்கு. வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதை அதற்கு நான்கு வருஷம் முந்தி, 1822-இல், பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்போடு லண்டனில் அச்சேறியது. மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று ஐந்து சீடர்களைக் கட்டி மேய்க்கும் அந்தக் குருவின் கதையிலிருந்து என்ன நீதியை எடுப்பீர்கள்? ஆறு தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கொள்ளிக்கட்டையால் தொட்டுப் பார்க்கிறார்கள். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று நம்புகிறார்கள். முடிந்தால் நீதி கண்டுபிடிக்கலாம், பிடிக்காவிட்டாலும் நஷ்டமில்லை. பஞ்சதந்திரத்தில் எந்தக் கதைக்கு எந்த நீதி என்று இன்று கேட்டால் எனக்குத் தடுமாறும். குதிரை முட்டை தடுமாறாது. மளிகைக் கடையில் முழுப் பூசணியைப் பார்க்கும்போதெல்லாம் உள்ளே ஒரு குதிரைக்குட்டி அசைகிறது.

இங்கேதான் முருங்கை மரத்துக்கு வரவேண்டும்.

காஷ்மீரத்து சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் எழுதிய கதாசரித் சாகரத்தில் வேதாளத்தின் இருபத்தைந்து கதைகளும் இருக்கின்றன. அங்கே ராஜாவின் பேர் திரிவிக்கிரமசேனன். வேதாளம் தொங்குவது சிம்சுபா மரத்தில். தமிழில் ராஜா விக்கிரமாதித்தன் ஆனான், சிம்சுபா முருங்கை ஆயிற்று. பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதையைத் திண்ணையில் உரக்கப் படித்த காலத்துக்கு முன்பிருந்தே வேதாளம் முருங்கை மரத்தில்தான் ஏறிக்கொண்டிருந்திருக்க வேண்டும். சிம்சுபா என்றால் யாருக்குத் தெரியும்? முருங்கை கொல்லையில் நிற்கிறது. அதிலும் முருங்கை சாதாரண மரமில்லை. கிளை சடக்கென்று முறியும். பெரியவர்கள் ஏறமாட்டார்கள், பிள்ளைகளை ஏறவிடமாட்டார்கள். பேய் இருக்கு என்று சொல்லிவைப்பார்கள். கம்பளிப்பூச்சி வேறு. மனுஷர் ஏற முடியாத மரத்தில் வேதாளத்தை ஏற்றிவிட்டான் எவனோ ஒரு பேர் தெரியாத தமிழன். அவன் கை எழுத்தாளன் கை.

அந்த வேதாளத்துக்கு உருவம் கொடுத்தது வடபழனி. 1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கில் சந்தமாமாவையும் தமிழில் அம்புலிமாமாவையும் சிறுவர் மாதப் பத்திரிகைகளாகத் தொடங்கினார்கள். 1952-இல் அங்கே சேர்ந்த ஓவியர் சங்கர், அதாவது கே. சி. சிவசங்கரன், தோளில் பிணத்தைப் போட்டுக்கொண்டு கத்தியோடு நடக்கிற விக்கிரமனை வரைந்தார். மாதாமாதம் அதே ராஜா, அதே மயானம். 1924-இல் பிறந்த அவர் 2020-இல் மறைந்தார், மறுவருஷம் பத்மஸ்ரீ வந்தது. அம்புலிமாமா அதற்குப் பல வருஷம் முன்பே நின்றுபோய்விட்டது. குரோம்பேட்டை வாடகை நூலகம் ஒன்றில் அட்டை கிழிந்த அம்புலிமாமாவுக்காக அடித்துக்கொண்ட தலைமுறை நாங்கள். வேதாளம் கேட்ட கேள்விகளில் ஒன்றிரண்டுதான் இன்று ஞாபகம். ராஜா வாயைத் திறந்த அந்த நொடியில் தோள் கனம் இறங்கி, பிணம் பறந்துபோகிற ஏமாற்றம் மட்டும் அப்படியே இருக்கிறது. பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். பிற்பாடு ஆபீஸ் மீட்டிங்குகளில் அடிக்கடி அந்த ராஜாவை நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிம்சுபா முருங்கையானதும் பாலாடைக்கட்டி வடையானதும் ஒரே வேலை. இதைக் கேம்பிரிட்ஜில் ஒருவர் சோதனையாகவே செய்து பார்த்தார். ஃபிரெடரிக் பார்ட்லெட், 1932-இல் வந்த தம் நூலில் இதை விவரிக்கிறார். வட அமெரிக்கப் பழங்குடிக் கதை ஒன்றை ஆங்கிலேயர்களிடம் படிக்கக் கொடுத்து, பிறகு அவ்வப்போது திருப்பிச் சொல்லச் சொன்னார். கதையில் வந்த பழங்குடிப் படகு அவர்கள் வாயில் சாதாரணப் படகாயிற்று. கடல்நாய் வேட்டை மீன்பிடிப்பாயிற்று. புரியாத பேய்ச் சங்கதிகள் உதிர்ந்துபோயின. ஞாபகம் என்பது பெட்டியில் பூட்டிவைத்ததை எடுப்பதல்ல, ஒவ்வொரு முறையும் கையிலிருக்கும் சாமானைக் கொண்டு புதிதாகக் கட்டுவது என்று அவர் முடிவுகட்டினார். அதைப் பிழை என்றும் பார்க்கலாம். எனக்கு அது பிழையாகத் தெரியவில்லை. தங்குகிற கதை என்பது, நம் வீட்டுப் பொருள் ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டுவிட்ட கதை. அந்தப் பொருளைத் தினம் பார்க்கிறோம், கதை தானாக நினைவுக்கு வருகிறது. வடை இருக்கிற வரை காக்கைக்கு மறதி கிடையாது.

அப்படியானால் ஏழு கடல் ஏழு மலை தாண்டிய கதை எப்படித் தங்கியது என்று மாடி வீட்டு டீச்சர் மடக்கினார். நியாயமான கேள்வி. ராட்சசனின் உயிர் ஏழு கடலுக்கு அப்பால், ஒரு கூண்டில், ஒரு கிளியிடம் இருக்கிறது. தாம்பரத்தில் எந்தக் கொல்லையிலும் ராட்சசன் கிடையாது. ருஷ்யக் கதையிலும் இதே மாதிரி கோஷ்சேயின் உயிர் ஒரு முட்டைக்குள் ஊசி முனையில் இருக்கிறது. ஆக, இது உலகம் முழுக்க ஒட்டிக்கொண்ட சரக்கு.

இதற்கு மனநூல்காரர்கள் சொல்கிற பதில்களில் புரூனோ பெட்டல்ஹைமுடையது பிரசித்தம். 1976-இல் வந்த அவர் புத்தகத்தின் சாரம், குழந்தைக்குப் பேர் சொல்லத் தெரியாத பயங்களுக்குக் கதை ஒரு முகம் கொடுக்கிறது, கடைசியில் அதைத் தோற்கடித்தும் காட்டுகிறது என்பது. அதில் உண்மை உண்டு. எங்கள் பக்கத்தில் அந்த முகம் கதையில் மட்டுமல்ல, ரயில் தடத்திலும் இருந்தது. 1928-இல் டாக்டர் சவுரிமுத்து தொடங்கிய காசநோய் ஆஸ்பத்திரியால் ஸ்டேஷனுக்கே சானடோரியம் என்று பேர். வண்டி அங்கே நின்றால் மூக்கைப் பொத்திக்கொள்ளச் சொல்வார்கள். தப்பான பயம்தான். காசநோய் அப்படி ஜன்னல் வழியாகத் தாவி ஏறாது. ஆனால் எட்டு வயதில் ராட்சசன் எங்கே இருக்கிறான் என்று கேட்டிருந்தால் நான் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே கையைக் காட்டியிருப்பேன். எவ்வளவு பெரிய பயத்துக்கும் உயிர் ஒரு சின்ன இடத்தில்தான், அந்த இடம் கிடைத்தால் போதும் என்று கிளிக் கதை சொல்கிறது. ராத்திரியில் அது பெரிய ஆறுதல். (பெட்டல்ஹைம் இன்னொருவர் புத்தகத்திலிருந்து சொல்லாமல் எடுத்துக்கொண்டார் என்று நாட்டுப்புறவியலாளர் ஆலன் டண்டஸ் 1991-இல் எழுதினார். கதையின் மூலத்தை எங்கள் ஆச்சியும் சொன்னதில்லை. ஆனால் அவள் புத்தகம் போட்டு விற்கவில்லை.)

எனக்கு அதைவிடப் பிடித்த பதில் 2006-இல் வந்த ஓர் ஆய்வு. அரா நோரன்சயானும் கூட்டாளிகளும் கிரிம் சகோதரர்களின் கதைகளில் உலகப் புகழ் பெற்றவற்றையும் யாருக்கும் தெரியாமல் போனவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புகழ் பெற்றவற்றில் விநோதம் இரண்டு மூன்றுதான் இருந்தது. ஒன்றுமே இல்லாத கதையும் நிற்கவில்லை, வரிக்கு வரி மாயம் செய்த கதையும் நிற்கவில்லை. நரி பேசலாம், ஆனால் வடை வடையாகவே இருக்க வேண்டும். ராட்சசன் உயிரைக் கழற்றி வைக்கலாம், ஆனால் வைத்த இடம் ஒரு கிளிக்கூண்டாக இருக்க வேண்டும். என் இளவயதில் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் கிளிக்கூண்டைப் பார்த்தால் ஒரு கணம் நிற்பேன். டீச்சருக்கு இதைச் சொன்னேன். பாதி ஒத்துக்கொண்டார்.

சொல்கிற வடிவமும் ஒரு காரணம், அதை மறுக்க முடியாது. ஈயின் கதை ஒரு சங்கிலி. ஒன்றின் வாலைப் பிடித்தால் அடுத்ததின் தலை. பரங்கிமலை, பழவந்தாங்கல், மீனம்பாக்கம், திரிசூலம், பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம் என்று இங்கத்துப் பிள்ளைகள் ஸ்டேஷன்களை ஒப்பிப்பதும் அதே முறைதான். நடுவில் ஒன்றைக் கேட்டால் தெரியாது, முதலிலிருந்து வந்தால்தான் வரும். அதோடு சோறு. மொட்டை மாடியில் நிலாவைக் காட்டி ஊட்டுவது எல்லா ஊரிலும் உண்டு. பம்மல், பொழிச்சலூர் பக்கத்து அம்மாக்களுக்கு நிலா இல்லாத நாளில் இறங்குகிற விமானம் இருந்தது. வாயைத் திறந்து மேலே பார்க்கிற அந்த நொடியில் ஒரு கவளமும் ஒரு கண்ணியும் சேர்ந்து உள்ளே போயின.

கேட்பவர் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறோம். சொன்னவர்களுக்கு அதில் என்ன இருந்தது? ஏ. கே. ராமானுஜன் 1991-இல் வெளியிட்ட இந்திய நாட்டுப்புறக் கதைத் தொகுப்பில் தமிழ்க் கதை ஒன்று இருக்கிறது. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கிழவி ஊதிக்கொண்டே போகிறாள். ஒருநாள் ஊர்க்கோடியில் கூரையில்லாத பாழ்வீட்டுக்குப் போய், ஒரு சுவரிடம் ஒரு குறையைச் சொல்கிறாள். சுவர் இடிந்து விழுகிறது, இவள் கொஞ்சம் இளைக்கிறாள். நான்கு சுவரும் விழுந்ததும் லேசாகி வீடு திரும்புகிறாள். எங்கள் ஆச்சிக்கு இந்தக் கதை தெரியுமா என்று தெரியாது. ஆனால் அவள் சொன்ன நல்லதங்காள் கதையில் அண்ணி வருகிற இடமெல்லாம் குரல் வேறாக இருக்கும். சமையல்கட்டில் பாத்திரச் சத்தம் நின்றுவிடும். சுவர் நாங்கள்தான்.

இந்தக் கதைகளை முழுக்கத் தூக்கி வைத்துக் கொண்டாடவும் முடியாது. கொழுக்கட்டைக் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். மாமியார் வீட்டில் கொழுக்கட்டை தின்ற ஒருவன், பேர் மறக்காமலிருக்க அதையே சொல்லிக்கொண்டு வருகிறான். வழியில் வாய்க்காலைத் தாண்டும்போது "அத்திரிபச்சா" என்று குதிக்கிறான், கொழுக்கட்டை போய் அத்திரிபச்சா ஒட்டிக்கொள்கிறது. வீட்டுக்கு வந்து மனைவியிடம் அத்திரிபச்சா செய் என்கிறான். அவளுக்குப் புரியவில்லை. அடிக்கிறான். நெற்றி கொழுக்கட்டை மாதிரி வீங்கிவிட்டதே என்று அக்கம்பக்கத்தார் சொல்ல, ஆங், அதுதான் என்கிறான். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கும் இரண்டு கதைகள், ஈயும் கொழுக்கட்டையும், இரண்டுமே மறதியைப் பற்றியவை என்பது வேடிக்கை. ஒரு பெண்ணின் நெற்றி வீங்கினால்தான் ஆணுக்கு ஞாபகம் வரும் என்பது வேடிக்கையில்லை. பேத்திக்குச் சொல்லும்போது மாற்றினேன். கோபத்தில் குதித்தவன் நிலைப்படியில் இடித்துக்கொள்கிறான், அவன் நெற்றிதான் வீங்குகிறது. மாற்றலாமா என்று சில பெரியவர்கள் முறைப்பார்கள். சிம்சுபாவை முருங்கையாக்கியவனை யாரும் முறைக்கவில்லை. கரிசல் காட்டில் தேடித் தேடிக் கதை சேர்த்த கி. ராஜநாராயணன் கெட்ட வார்த்தைக் கதைகளையும் விடாமல் பதிந்தார். பதிகிறவருக்கு அது தர்மம். சோறு ஊட்டுகிறவளின் தர்மம் வேறு. பயத்தை மட்டும் எடுத்துவிடாதீர்கள் என்பேன். நரியை நல்லவனாக்கினால் கதை படுத்துவிடும்.

இப்போதைய பிள்ளைகளுக்கு சின்ட்ரெல்லாதான் முதலில் வருகிறாள். மாறுவேடப் போட்டி வந்தால் அவள்தான் நீல கவுனில் நிற்கிறாள். அவளும் வெறும் வெள்ளைக்காரி இல்லை. 9-ஆம் நூற்றாண்டில் துவான் செங்ஷி எழுதிவைத்த சீனக் கதையில் அவள் பேர் யே சியென். ராமானுஜன் கண்டெடுத்த கன்னட ஹஞ்சி மண் முகமூடிக்குள் ஒளிந்திருக்கிறாள். கண்ணாடிச் செருப்பு 1697-இல் பிரான்சில் பெரோ மாட்டிவிட்டது. இங்கே இன்னும் அவளுக்கு ஒரு வீட்டுச் சாமான் கிடைக்கவில்லை, அதுதான் குறை. பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சலும் தேன்சிட்டும் வகுப்பறைக்கு வருகின்றன, திருவான்மியூரில் தாரா புக்ஸ் கையால் அச்சடித்த படப் புத்தகம் செய்கிறது. நல்ல காரியங்கள். ஆனால் புத்தகத்தில் வடை ஒரே மாதிரி இருக்கும். ஆச்சி சுடுவதும் ஆயா சுடுவதும் வீட்டில்தான் நடக்க வேண்டும். யூடியூப் காக்கையைப் பார்த்த பேத்தி, அதில் பாட்டியின் முகம் "யாரோ மாதிரி இருக்கு" என்றாள்.

திருத்திய கொழுக்கட்டைக் கதைக்கும் அவளிடம் ஒரு ஆட்சேபம் இருந்தது. அவன் நெற்றிதானே வீங்கியது, அவனுக்கே எப்படித் தெரியும், கண்ணாடி பார்த்தானா? இதற்கு இன்னும் பதில் கண்டுபிடிக்கவில்லை.

ஈயின் கதை மட்டும் பாக்கியிருந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கீரைக்காரம்மா கேட்டில் கூடையை இறக்கினார். முளைக்கீரை இரண்டு கட்டு எடுத்துக்கொண்டு, சில்லறை தேடுகிற சாக்கில் கேட்டேன். ஈ கதை தெரியுமா, அதில் மண் யாரைக் கேட்கச் சொல்லும்?

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"மண்ணுல என்னாம்மா மொளைக்கும்? புல்லு மொளைக்கும். புல்லைக் குதிரை துன்னும். இதைப் போயி கேக்கறியே."

கூடையைத் தலைக்கு ஏற்றிவிட்டேன். நாலு வீடு தள்ளி அவர் குரல் கேட்டது, அரைக்கீரை, சிறுகீரை, முருங்கைக்கீரை.